மேலே போன அதிகாரம் கீழே வருமா?



சென்ற மாதம் கடற்கரையூர் ஒன்றில் நடைபெற்ற நிக்காஹ் வைபவத்திற்குச் சென்றிருந்தேன். விருந்து முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வந்த வேளையில், உறவுமுறைச் சகோதரி ஒருவர் தம் மகளுடன் வந்து சலாம் சொன்னார். அந்தப் பெண் பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 572 மதிப்பெண் பெற்றவள். டாக்டராக வேண்டும் என்பது சிறு வயது முதல் அவள் கொண்ட ஆசை. ஆனால் நீட் தேர்வில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. மறுமுறை எழுதுவதற்குப் பயிற்சி நிலையத்தில் சேர்க்க வேண்டும். அதற்காகக் கழுத்துச் சங்கிலியை அடகு வைப்பதா, விற்றுவிடுவதா என்று அந்தத் தாய் யோசித்துக் கொண்டிருக்கிறார்.

"காக்கா, நாங்க ஓட்டுப் போட்டு அனுப்புன சட்டசபை, இந்தப் பரீட்சை வேண்டாம்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சட்டம் போட்டுச்சாமே! பொறகு ஏன் நடக்கலே? நம்ம ஊரு காலேஜுல நம்ம புள்ளை சேர்றதுக்கு டெல்லியிலேயா கேக்கணும்?"

அந்த நேரத்தில் வாய்க்கு வந்த ஏதோ ஒரு சமாதானத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் ரயிலில் ஊர் திரும்பும்போது அந்தக் கேள்வி என்னை விடவில்லை. படித்தவர்கள் என்று பெயரெடுத்த நம்மில் எத்தனை பேருக்கு இதற்கு ஒழுங்கான பதில் தெரியும்? நீட் தேர்வு வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் நம்மிடையே உண்டு. அந்த வழக்கை இந்தப் பக்கத்தில் தீர்க்கப் போவதில்லை. அந்தச் சகோதரி கேட்டது வேறு: முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அது எப்போது அங்கே போயிற்று? அந்தக் கதை 1976-ஆம் ஆண்டில் இருக்கிறது. அதைத்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

மூன்று பட்டியல்கள்

நமது அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. இராணுவம், அயலுறவு, நாணயம், ரயில்வே போன்றவை மத்தியப் பட்டியல். அவற்றில் நாடாளுமன்றம் மட்டுமே சட்டம் செய்யலாம். காவல், மருத்துவமனை, விவசாயம், நிலம், உள்ளாட்சி போன்றவை மாநிலப் பட்டியல். இரு தரப்பும் சட்டம் இயற்றக்கூடியவை பொதுப் பட்டியல். 1950-இல் சாசனம் நடைமுறைக்கு வந்தபோது மத்தியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, பொதுப் பட்டியலில் 47 இனங்கள் இருந்தன.

இந்த ஏற்பாடு வெள்ளையர் காலத்திலேயே வேர் கொண்டது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாகாண மந்திரிகளின் பொறுப்பில் விடப்பட்ட துறைகளில் கல்வியும் ஒன்று. காவலையும் நிதியையும் தம் கையில் வைத்துக்கொண்ட ஆங்கிலேயர், கல்வியை மாகாணத்திடம் விட்டனர். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று பட்டியல்களைத் தெளிவாக வகுத்தது. அதிலும் கல்வி மாகாணத்திற்கே உரியதாயிற்று.

1946-இல் வந்த பிரிட்டிஷ் அமைச்சர் தூதுக்குழு, மத்திய அரசுக்குப் பாதுகாப்பு, அயலுறவு, போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்றை மட்டும் கொடுத்து ஏனையவற்றை மாகாணங்களிடம் விடும் திட்டத்தை முன்வைத்தது. நாட்டுப் பிரிவினை உறுதியானதும் அந்த எண்ணம் கைவிடப்பட்டது. நாடு இன்னும் சிதறிவிடுமோ என்ற அச்சம் நிலவிய அந்நாளில், வலுவான மத்திய அரசு வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபை முடிவு செய்தது. மௌலானா ஹஸ்ரத் மோஹானி போன்ற சிலர் அதை எதிர்த்து வாதிட்டனர். ஆனால் பெரும்பான்மையோர் வலுவான மத்திய அரசின் பக்கமே நின்றனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்வளவு அச்சமான காலத்திலும், கல்வியை மாநிலங்களிடமே விடுவதற்கு நமது சாசனத்தை வகுத்தவர்கள் தயங்கவில்லை. உயர்கல்வியின் தரத்தை ஒருங்கிணைத்து நிர்ணயிக்கும் அதிகாரம் போன்ற சில மட்டும் மத்தியப் பட்டியலில் வைக்கப்பட்டன.

வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில்

பின்னர் கல்வியை இடம் மாற்றும் யோசனைகள் எழாமல் இல்லை. 1964-இல் நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கொண்ட சப்ரு குழு, உயர்கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றலாம் என்றது. 1966-இல் அறிக்கை தந்த கோத்தாரி கல்விக் குழுவின் பெரும்பான்மையோர், இருக்கும் ஏற்பாடே தொடரட்டும் என்றனர். ஆக, அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது, விவாதம் முடியவில்லை.

விவாதத்தை முடித்து வைத்தது நெருக்கடி நிலை. 1976-இல் கொண்டுவரப்பட்ட 42-ஆவது சாசனத் திருத்தம், கல்வி, காடுகள், வனவிலங்கு மற்றும் பறவைகள் பாதுகாப்பு, எடையும் அளவையும், கீழமை நீதிமன்றங்களின் அமைப்பு ஆகிய ஐந்து இனங்களை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலில் சேர்த்தது. கல்வி என்று பொதுவாகச் சொல்லி விடாமல், தொழில்நுட்பக் கல்வியும் மருத்துவக் கல்வியும் பல்கலைக்கழகங்களும் அதில் அடங்கும் என்று பெயர் குறித்தே எழுதப்பட்டது.

நம் குடும்பங்களில் பாகப் பிரிவினை நடந்தால் என்ன செய்கிறோம்? பங்குக்குரியவர்கள் அனைவரும் வந்து உட்கார வேண்டும். வெளியூரில் இருப்பவருக்கு ஆள் அனுப்புகிறோம். வளைகுடா நாட்டில் இருக்கும் தம்பியிடம் தொலைபேசியில் சம்மதம் கேட்கிறோம். ஒருவர் இல்லாமல் எழுதிய பத்திரம் பின்னால் பகையை வளர்க்கும் என்று நமக்குத் தெரியும்.

1976-இல் என்ன நடந்தது? எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது. 1971-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவையின் ஐந்தாண்டுக் காலம் ஏற்கெனவே முடிந்து, நெருக்கடி நிலையைக் காட்டி அதன் ஆயுள் நீட்டிக்கப்பட்டிருந்தது. இத்தகைய திருத்தத்திற்குக் குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் வேண்டும், அதுவும் கிடைத்தது. ஆனால் தமிழ்நாட்டில் ஆம் என்று சொல்லவும் இல்லை என்று சொல்லவும் சட்டமன்றமே கிடையாது. 1976 ஜனவரி 31 அன்று தமிழக ஆட்சி கலைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நேரத்தில் வீட்டுப் பத்திரம் திருத்தி எழுதப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

1977-இல் ஆட்சி மாறியது. ஜனதா அரசு 42-ஆவது திருத்தத்தின் பல பகுதிகளை நீக்கியது. கல்வியை மீண்டும் மாநிலப் பட்டியலில் சேர்க்கும் பிரிவையும் கொண்டுவந்தது. மக்களவை ஏற்றுக்கொண்ட அந்தப் பிரிவை 1978-இல் மாநிலங்களவை ஏற்கவில்லை. வேடிக்கையைப் பாருங்கள்! மாநிலங்களின் உரிமையைக் காப்பதற்கென்றே அமைந்த அவைதான் மாநிலங்களுக்குத் திரும்ப வரவிருந்ததைத் தடுத்தது. அன்று போனது இன்று வரை திரும்பவில்லை.

பொது என்றால் சமமா?

பொதுப் பட்டியல் என்ற பெயரைக் கேட்டால், இருவரும் சமமாகப் பங்கிட்டுக் கொள்வதாகத் தோன்றும். சாசனத்தின் 254-ஆவது பிரிவைப் படித்தால் நிலைமை புரியும். ஒரே பொருளில் மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் முரண்பட்டால் மத்தியச் சட்டமே செல்லும். மாநிலச் சட்டம் அந்த மாநிலத்தில் செல்ல வேண்டுமானால், அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும். குடியரசுத் தலைவரோ மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். அதாவது, யாருடைய சட்டத்தோடு முரண்படுகிறோமோ அவரிடமே அனுமதி கேட்க வேண்டும்.

கேட்டால் கிடைக்கவே கிடைக்காதா? கிடைத்ததும் உண்டு. தொழிற்கல்விக்கு மாநில அரசு நடத்திவந்த நுழைவுத் தேர்வை ஒழித்துத் தமிழ்நாடு 2006-இல் சட்டம் இயற்றியது. 2007-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதன் பின் சுமார் பத்தாண்டுக் காலம் பிளஸ் டூ மதிப்பெண்ணே மருத்துவக் கல்லூரிக்கு வழி காட்டியது.

2016-இல் நாடாளுமன்றம் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தைத் திருத்தி நாடு முழுமைக்கும் ஒரே நுழைவுத் தேர்வு என்று விதித்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் விலக்குக் கோரி இரண்டு மசோதாக்களை நிறைவேற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவற்றுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது. அந்தச் செய்தி மக்களுக்குத் தெரியவந்தது 2019-இல், உயர்நீதிமன்ற வழக்கு ஒன்றின்போது! 2021 செப்டம்பரில் மீண்டும் ஒரு மசோதா. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டார் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ எட்டாண்டு அலைச்சலின் முடிவு இதுதான்.

2007-க்கும் 2017-க்கும் இடையே சாசனத்தின் 254-ஆவது பிரிவில் ஒரு எழுத்தும் மாறவில்லை. டெல்லியின் மனம் மாறியது, அவ்வளவுதான். ஒருவரின் மனத்தைப் பொறுத்து இருப்பதும் இல்லாமற் போவதுமான ஒன்றை உரிமை என்று சொல்ல முடியுமா?

நம் வீட்டுக் கணக்கு

இதில் நமக்கென்ன என்று கேட்கும் வாசகர்களுக்காக, நம் சமுதாயத்தைத் தொடும் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன்.

2007-இல் தமிழ்நாடு அரசு, பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டின் உள்ளேயே முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காட்டைத் தனியே ஒதுக்கியது. இது மாநிலச் சட்டமன்றத்தின் சட்டம். இந்த ஒதுக்கீட்டினால் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள்.

தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை மாநில மக்களின் வரிப் பணத்தில் கட்டப்பட்டவை. ஆனால் 1986 முதல், அவற்றின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 விழுக்காடு அகில இந்தியத் தொகுப்புக்குப் போகிறது. பட்ட மேற்படிப்பில் அது பாதி. தொகுப்புக்குப் போன இடங்களுக்கு மத்திய அரசின் ஒதுக்கீட்டு விதிகளே பொருந்தும், நமது 3.5 விழுக்காடு அங்கே இல்லை. பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடுகூட அந்தத் தொகுப்பில் 2021-இல்தான் வந்தது. அதுவும் தமிழ்நாட்டுக் கட்சிகள் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று 2020-இல் தீர்ப்புப் பெற்ற பின்னர்.

ஒரே கல்லூரி, ஒரே வகுப்பறை, ஒரே பெஞ்சு. ஆனால் ஓர் இடத்திற்கு ஒரு விதி. அடுத்த இடத்திற்கு வேறு விதி. அந்த இடம் எந்த அரசின் கணக்கில் இருக்கிறது என்பதே வேறுபாடு. அதிகாரம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குப் போவது வக்கீல்களின் விவகாரம் என்று நாம் நினைத்திருந்தோம். அது நம் பிள்ளைகளின் விவகாரமாகவே இருந்திருக்கிறது.

மறுபக்கத்தையும் கேட்போம்

நியாயம் பேசும்போது எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்பதே முறை.

கல்வி பொதுப் பட்டியலில் இருந்ததால்தான், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளின் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தை 2009-இல் நாடாளுமன்றம் நாடு முழுமைக்கும் இயற்ற முடிந்தது. அக்கறையில்லாத மாநிலத்தில் பிறந்த ஏழைக் குழந்தைக்கு அந்தச் சட்டம் ஒரு பிடிமானம். தனியார் மருத்துவக் கல்லூரிகள் தனித்தனியே தேர்வு நடத்திக் கட்டாய நன்கொடை வாங்கிய கொடுமைக்கு ஒரே தேர்வு கடிவாளம் போட்டது என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கல்வி மீண்டும் மாநிலப் பட்டியலுக்கு வந்தாலும், தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மத்தியப் பட்டியலில் இருப்பதால் நீதிமன்ற வழக்குகள் தொடரத்தான் செய்யும்.

ஆயினும் நல்ல திட்டங்கள் எல்லாம் மேலிருந்துதான் வருகின்றனவா? மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் ஆட்சி 1956-இல் தமிழ்நாடெங்கும் பரப்பியது. எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரித்தார். 1995-இல்தான் மத்திய அரசு தேசிய அளவில் மதிய உணவுக்குத் திட்டம் வகுத்தது. கீழே ஒருவர் முயன்று பார்த்து வென்றதை மேலே உள்ளவர் எடுத்துக்கொண்டார். கீழே முயன்று பார்க்கும் அதிகாரமே இல்லாதிருந்தால் அந்தச் சோறு எந்தத் தட்டில் விழுந்திருக்கும்?

பிற நாடுகளின் பாடம்

அதிகாரத்தின் இயல்பை அறிய மூன்று நாடுகளைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் வருமான வரியை மாநிலங்களும் விதித்து வந்தன. 1942-இல், உலகப் போர்ச் செலவைக் காட்டி, மத்திய அரசு அதைத் தன் வசமாக்கிக் கொண்டது. போர் 1945-இல் முடிந்துவிட்டது, வரி திரும்பவில்லை. இன்றும் அங்கே எந்த மாநிலமும் வருமான வரி விதிப்பதில்லை. நெருக்கடியில் மேலே போன அதிகாரம், நெருக்கடி தீர்ந்ததும் தானாக இறங்கி வருவதில்லை.

ஆனால் கீழே வந்ததும் உண்டு. 1997-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 1999-இல் ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் அமைக்கப்பட்டது. கல்வி அதன் பொறுப்பாயிற்று. 2012 முதல் இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணம் 9,000 பவுண்டு வரை உயர்ந்தபோது, ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் தம் மண்ணில் முதல் பட்டப் படிப்பைக் கட்டணமின்றிப் படித்தார்கள். பாகிஸ்தானில் 2010-இல், கட்சிகள் ஒன்றுகூடிப் பேசி, 18-ஆவது திருத்தத்தின் மூலம் பொதுப் பட்டியலையே நீக்கின. கல்வி மாகாணங்களிடம் சென்றது. இரண்டு நாடுகளிலும் பிரிவினை பேசி அதைப் பெறவில்லை. ஒரு நாட்டில் வாக்குச் சீட்டு, மற்றொன்றில் பேச்சுவார்த்தை, இவையே கருவி.

நமது நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1969-இல் தமிழக அரசு அமைத்த இராஜமன்னார் குழு 1971-இல் அறிக்கை தந்தது. 1983-இல் மத்திய அரசு அமைத்த சர்க்காரியா குழு, பொதுப் பட்டியலில் சட்டம் செய்யுமுன் மாநிலங்களைக் கலந்து பேச வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2025-இல் தமிழ்நாடு அரசு நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. குழுக்களுக்குப் பஞ்சமில்லை. அறிக்கைகளைப் படித்து, நடைமுறைக்கு வரவேண்டும் என்று விடாமல் கேட்கும் மக்களுக்குத்தான் பஞ்சம்.

நம் கையில் இருப்பது

இறுதியாக ஒரு சொல். டெல்லியைப் பார்த்துக் கேட்கும் கேள்வியைச் சென்னையைப் பார்த்தும் கேட்க வேண்டும். 1992-இல் நிறைவேறிய 73, 74-ஆவது திருத்தங்கள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் அதிகாரம் தரச் சொல்லின. தமிழ்நாட்டில் 2016-இல் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல்கள், கிராமப்புறங்களில் 2019-லும் 2021-லும், நகர்ப்புறங்களில் 2022-லும்தான் நடந்தன. இத்தனை ஆண்டுகள் நம் தெருவுக்கு உறுப்பினரே இல்லை. நாமும் பெரிதாகக் கேட்கவில்லை. மேலே உள்ளவர் தம்மிடமிருந்து பறித்தார் என்று வருந்துபவர், தமக்குக் கீழே உள்ளவருக்குரியதைக் கொடுத்திருக்க வேண்டாமா?

எனவே வாசகர்களே, அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர் சாலையும் குடிநீரும் தருவதாகச் சொன்னால் மகிழ்ந்து கேளுங்கள். கேட்ட பின் ஒரு கேள்வியையும் போடுங்கள்: "கல்வியைத் திரும்ப மாநிலப் பட்டியலில் சேர்ப்பதில் உங்கள் நிலை என்ன? நாடாளுமன்றத்தில் அதற்காக எழுந்து பேசுவீர்களா?" பதில் எதுவாயினும் வீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசுங்கள். ஏழாவது அட்டவணையைப் பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, அது தன் வாழ்க்கையைப் பற்றியது என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

அந்தச் சகோதரிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். "லாத்தா, அன்றைக்கு நீங்கள் கேட்டது சரியான கேள்வி. நம் சட்டமன்றம் சட்டம் போட்டது உண்மை. அதைச் செல்ல வைக்கும் சாவி 1976-இல் நம் கையை விட்டுப் போயிற்று. அது திரும்பி வருவதற்குள் உங்கள் மகள் தேர்வு எழுதியாக வேண்டும், அதற்கு நம் ஜமாஅத்தின் கல்வி நிதியில் கேட்டுப் பார்க்கிறேன், சங்கிலியை விற்க வேண்டாம்" என்று எழுதினேன்.

பதில் வந்தது. மகள்தான் எழுதியிருந்தாள். படித்துக்கொண்டிருப்பதாகவும், நான் குறிப்பிட்ட 254-ஆவது பிரிவைத் தேடிப் படித்ததாகவும் எழுதிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: "மாமா, அன்றைக்கு நம் சட்டமன்றம் இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்?"

அவளுக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக் கொண்டிருக்கிறேன். நீங்களும் யோசியுங்கள்.